முதல் மூட்டையும் மாயம்மாளின் கையும்

மட்டாஞ்சேரி மிளகுப் பண்டகசாலையின் மேற்பார்வையாளராய், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முறை வழுவாது முன்னின்று, இன்று பணி நிறைவு பெறும் மாண்புமிகு வெங்கிடாசலம் அண்ணாச்சி அவர்களுக்கு, புடைப்பவரும் சுமப்பவரும் கணக்கெழுதுபவரும் கூடி வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

வழக்கத்தின் வாயிற்காவலரே!

செவ்வாயன்று சரக்கு ஏற்றவிடாதவர் நீங்கள். தெற்குக் கதவு திறக்குமுன் வடக்குக் கதவைத் தொடவிடாதவர். ஏன் என்று கேட்டால், இங்கே அதுதான் வழக்கம் என்பதற்கு மேல் ஒரு சொல் உதிர்க்காதவர். உங்களைத் திட்டாமல் நாங்கள் சாயா குடித்ததில்லை. மேடை என்பதற்காகப் பொய் சொல்ல எங்களுக்கு வராது. யோசிக்கச் சோம்பல்படுகிறவர்கள் சாய்ந்துகொள்ளும் சுவர்தான் வழக்கம் என்று, நாலு எழுத்துப் படித்துவிட்டு வந்தவர்கள் நினைத்திருந்தோம். போன பருவத்தின் முதல் நாள்வரை.

நெறி பிறழா நெஞ்சினரே!

பருவத்தின் முதல் மூட்டையை ஒரு பெண் அறுத்துத் திறப்பது இங்கே மரபு. பல வருடமாய் அந்தக் கை மாயம்மாளுடையது. அவர் கணவர் ஆறுச்சாமி இறந்த சில வாரங்களிலேயே அந்த நாள் வந்தது. வரவேண்டாமென்றுதான் மாயம்மாள் முதலில் நினைத்தார். வராவிட்டால் தானே ஒதுங்கிக்கொண்டதாகிவிடுமே என்று வந்தார். வந்தவர் தராசுக்குப் பின்னால் மறைந்து நின்று தரையையே பார்த்தார். தாலியோடு இருக்கிற ரோஜாவைக் கூப்பிடுங்கள், இவள் கை பட்டால் வருஷம் விளங்கின மாதிரிதான் என்று சீனியம்மாள் சொன்னது அங்கேயும் கேட்டது. (தன் பேரைப் போட்டே எழுதும்படி சீனியம்மாளே சொன்னார்.) மாயம்மாளுக்குக் கோபம்கூட வரவில்லை. வழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற அண்ணாச்சி வேறென்ன செய்துவிடப்போகிறார் என்று பட்டது.

நீங்கள் கத்தியோடு தராசைச் சுற்றி வந்தீர்கள்.

"வருஷா வருஷம் இதை அறுக்கிறது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி. ஆனா இப்ப..."

"அப்ப அதுதான் வழக்கம். ஆளை மாத்துறவங்கதான் மீறுறாங்க. புடி."

வழக்கத்தைச் சொல்லி உங்களை எதிர்க்க இங்கே யாரால் முடியும்? தையல் பிரிந்தது, மிளகு கொட்டியது. அன்று சாயா குடிக்கும்போது ஒருவரும் உங்களைத் திட்டவில்லை.

அஞ்சாமை அறிந்த அண்ணலே!

எங்களுக்குப் பயமாக இருக்கிறது. வரும் திங்களன்று இந்தப் பருவத்தின் முதல் சரக்கு இறங்குகிறது. உங்கள் இடத்துக்கு வரும் சிஜு சேட்டன் நல்லவர், ஆனால் புதியவர். இங்கே எப்படி வழக்கம் என்றுதான் முதலில் கேட்பார். முந்திக்கொண்டு யார் என்ன சொல்வார்களோ என்று மாயம்மாளுக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒருமுறை நடந்தது நிலைக்குமா, உங்களோடு படியிறங்கிவிடுமா என்று எங்களுக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெறுகிறவருக்கு மடல் வாசிப்பதும் இங்கே வழக்கம்தானே. அதையே பயன்படுத்திக்கொள்கிறோம்.

மூட்டுவலி தணிந்து, முகமலர்ச்சி குறையாது, வீட்டார் உங்கள் வழக்கங்களைப் பொறுத்துக்கொள்ள, பல்லாண்டு நலமாய் இருங்கள். இந்தப் பண்டகசாலையில் முதல் மூட்டையை மாயம்மாள் அறுப்பதே வழக்கம். சிஜு சேட்டன் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். முதல் மூட்டை பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் அவருக்காக மலையாளத்திலும் வாசிக்கிறோம்.

அன்பும் கலக்கமுமாய்,
மாயம்மாள், சீனியம்மாள், ரோஜா, இசக்கிசெல்வி
மற்றும் பண்டகசாலைப் பணியாளர்கள்
மட்டாஞ்சேரி, கொச்சி