கோகுல்ராஜ் நினைவாக

மேடையில் கீபோர்டு வாசிக்கிறவனை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. கிட்டார்க்காரன் முன்னால் நிற்பான், அவன்மேல் லைட் விழும். கீபோர்டுக்காரன் ஓரமாக ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். வக்கீல் சார், இங்கிரிட் அம்மா சொல்லி நீங்கள் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறைக்கிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

என் பெயர் தசரதன், பி.ஏ. இங்கிலீஷ். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த பிரவுசிங் சென்டர் என்னுடையது. கோகுல்ராஜும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் வீட்டில் பட்டுத் தறி. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் ஒன்பதாம் வகுப்போடு அவன் தறிக்குழியில் இறங்கிவிட்டான். நான் காலேஜுக்குப் போனேன். அவன் கிட்டார் கற்றுக்கொண்டதும் நான் கீபோர்டு கற்றுக்கொண்டதும் ஒரே வருடத்தில்தான். அவனுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அவனுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூற்று மூன்றில், தறியில் ஊடே ஓடும் கட்டையின் பெயரை வைத்து, ‘பறக்கும் நாடா’ என்று குழு ஆரம்பித்தோம். டிரம்ஸுக்குச் சின்னதுரை. திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கோகுல் மெட்ராஸ் பர்மா பஜாரில் ஒரு கேசட் வாங்கி வந்தான். ப்ராக்ரசிவ் ராக் என்று அதற்குப் பெயர். ஒரு பாட்டு அரை மணி நேரம் ஓடும். நடுவில் ஏழெட்டு முறை தாளம் மாறும். பாடகர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு இடைவெளி இருக்கும். கோகுல் அதேபோலச் சொந்தமாகப் போட ஆரம்பித்தான். சேத்துப்பட்டுத் திருவிழாவில் முதல் தடவையாக அதை வாசித்தோம். கால் மணி நேரம் கழித்து விழாக் கமிட்டித் தலைவர் மேடை ஏறி வந்தார்.

“தம்பி, ட்யூன் பண்ணிகினு இருந்தது போதும். ஜல்தியா பாட்ட ஆரம்பிங்க.”

“இப்பதாங்க முடிஞ்சது,” என்றான் கோகுல்.

இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல வருடம் சிரித்திருக்கிறோம். எனக்கு அவன்மேல் விரோதம் இருந்தது என்று யாராவது சொன்னால், எழுதிக்கொள்ளும் முன் இதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றில் இன்டர்நெட்டில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். நார்வேயில் இங்கிரிட் என்கிற அம்மா சின்னதாக ஒரு ரெக்கார்டு கம்பெனி நடத்துகிறார். பழைய கிரேக்கக் காவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அத்தியாயத்துக்கு ஒரு நாட்டுக் குழு என்று பிரித்துக் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆல்பமாகப் போடப் போகிறார். போர் முடிந்து ஊர் திரும்பும் ராஜா கடலில் வழிதவறிப் பல வருடம் அலைகிற கதை. சிலியிலிருந்து ஒரு குழு, ஹங்கேரியிலிருந்து ஒன்று, இத்தாலியிலிருந்து மூன்று. நாங்கள் பட்டு நெசவுக்காரர் ஊர் என்று எழுதினேன். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ராணி வருகிற பகுதியை எங்களுக்கே கொடுத்தார். ராஜா செத்துவிட்டார் என்று முடிவு கட்டி, அவளை மணக்க ஒரு கூட்டமே வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். தறியில் இருக்கிற துணியை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்பாள் ராணி. பகலில் நெய்வாள், இருட்டியதும் பிரித்துவிடுவாள்.

கோகுலின் அம்மா சின்னம்மாளுக்கு இந்தக் கதையைச் சொன்னோம்.

“நெய்ஞ்சத பிரிச்சிகினே இருந்தா நூலு இன்னாத்துக்கு ஆவும்?” என்றார். “அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்குக்கூட தறி தெரியாது போல கீது.”

களம்பூரில் சின்னதுரையின் மாமாவுக்கு அரிசி மில். ஞாயிற்றுக்கிழமை அதன் குடோன் காலியாக இருக்கும். அங்கே மைக் வைத்துப் பதிவு செய்தோம். வீட்டுத் தறிச் சத்தத்தைத் தனியாகப் பதிந்து வந்து, அதன்மேல் கோகுல் கிட்டார் வாசித்தான். இருபத்தொரு நிமிடம். நெய்வது, பிரிப்பது, திரும்ப நெய்வது. அதே மெட்டு ஒவ்வொரு தடவையும் ஓர் இழை குறைந்து வரும். கடைசியில் தறிச் சத்தம் மட்டும் நிற்கும். சின்னதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டான். குடோனில் தூசி அதிகம்.

ஆரம்பத்தில் கடல் வருவது மாதிரி கீபோர்டுக்கு நான் நான்கு நிமிடம் அமைத்திருந்தேன். கோகுல் மரியாதையாகத்தான் கேட்டான்.

“நல்லாத்தான் கீது தசரதா. ஆனா கப்பல் கெளம்பறதுக்குள்ள எல்லாரும் தூங்கிப் பூடுவாங்கடா.”

அதைக் கால் நிமிடமாக வெட்டினான். நானும் சிரித்தேன். சின்னதுரை வாயிலாக உங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்பதால் சொல்கிறேன். மற்றபடி இதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

சி.டி. போய்ச் சேர்ந்தது. இங்கிரிட் அம்மாவின் பதில் என் சென்டருக்கு வந்தது. கோகுலுக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. இரண்டு பக்கமும் பேசியது எப்போதும் நான்தான். வந்த பாட்டுகளிலேயே இதுதான் சிறந்தது என்று எல்லாக் குழுவும் சொல்கிறதாம். அடுத்த கோடையில் அத்தனை குழுக்களும் சேர்ந்து ஐரோப்பாவில் ஊர் ஊராக வாசிக்கப் போகிறார்கள். கோகுல்ராஜ் கட்டாயம் வர வேண்டும். அவர் மட்டும் வந்தால் போதும். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் அங்கேயே ஆள் இருக்கிறதாம்.

நான் நிதானமாக யோசித்தேன். கோகுல் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவன். குளிர் தாங்க மாட்டான். அம்மா தனியாக இருப்பார். அங்கே போய் இங்கிலீஷ் தெரியாமல் நான்கு பேர் நடுவில் அவன் அவமானப்படுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனிடம் கேட்டிருந்தால் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பான். அதனால் கேட்கவில்லை.

கோகுலுக்கு உடம்பு சரியில்லை, வர இயலாது என்று எழுதினேன். அதோடு விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர்கள் விடவில்லை. என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள். மஞ்சள் காமாலை என்றேன். ஹங்கேரிக் குழுவில் ஒருவர் டாக்டராம், பரிசோதனை விவரமெல்லாம் கேட்டார். சிலிக்காரர்கள் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிப் போட்டோ அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் டெலிபோன் செய்கிறேன் என்றார் இங்கிரிட். தினமும் ஒரு புது அன்பு வந்து நின்றது. அதை நிறுத்த எனக்கு ஒரே வழிதான் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவனைச் சாகடித்தது அவர்களுடைய அக்கறைதான்.

அந்த மெயிலை ஒரு காலை வேளையில் எழுதினேன். கோகுல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“யாருக்குடா இவ்ளோ பெருசா எழுதிகினு கீற?”

“நார்வேக்கு. உன்னப் பத்திதான்.”

“நல்லதா எழுது.”

“நல்லதாத்தான் எழுதறேன்.”

அது உண்மை. அவனைப் பற்றி அவ்வளவு நன்றாக யாரும் எழுதியதில்லை. முடிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோகுல் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான்.

மறுவாரம், பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன்.

“ஏனாம்?”

“நீளமா கீதாம்.”

“அவங்களே அப்டி சொன்னாங்களா?” என்றான். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கிட்டாரை விற்றுவிட்டுக் களம்பூர் மில்லில் மெஷின் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தான். அந்தச் சத்தத்தில் வலது காது போய்விட்டது. பஞ்சு வைத்துக்கொள் என்று நான் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

ஆல்பம் அவன் நினைவாக வெளிவந்தது. உறைக்குள் ஒரு முழுப் பக்கத்துக்கு அவன் படம், கீழே 1972–2004. அஞ்சலிக் கச்சேரிக்கு வரச் சொல்லி என்னை அழைத்தார்கள். சிங்கப்பூரில் சித்தப்பா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நார்வே போனேன். அங்கே அவன் பாட்டை அவன் இல்லாமல் வாசித்தார்கள். ஆரம்பத்தை நான் முழுதாக, நான்கு நிமிடமும் வாசித்தேன். ஒருவரும் தூங்கவில்லை. நண்பனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசும்போது அழுதேன், அது நடிப்பில்லை. அன்று என்னை நிறையப் பேர் போட்டோ எடுத்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் அவன் நினைவு நாளுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புவேன். எழுதிய கையோடு டீக்கடைக்குப் போவேன். கோகுல் இருந்தால் அவனுக்கும் நானே டீ வாங்கிக் கொடுப்பேன்.

போன மாதம் இங்கிரிட் அம்மா திடீரென்று ஆரணிக்கு வந்துவிட்டார். கோகுலின் தாயாரைப் பார்க்க வேண்டும் என்றார். மில் முடிந்து கோகுல் வர ஆறு மணி ஆகும். மூன்று மணிக்கு அழைத்துப் போனேன். அந்த அம்மா கையில் வெள்ளைப் பூ.

“உங்கள் மகனை நாங்கள் ஒருநாளும் மறக்க மாட்டோம்,” என்றார் இங்கிரிட், இங்கிலீஷில்.

“கோகுலு நல்லா வாசிப்பான்னு சொல்றாங்க,” என்று சின்னம்மாளிடம் சொன்னேன்.

“இவ்ளோ தூரம் வந்தும் அவன பாக்க முடியலியே. மில்லுக்குப் போயிருக்கான், பொழுது சாஞ்சாதான் வருவான்.”

“மகன் எங்கேயும் போய்விடவில்லையாம், தினமும் மாலையில் வீடு திரும்புவதுபோலவே இருக்கிறதாம்,” என்றேன் இங்கிரிட்டிடம்.

அவர் சின்னம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதார்.

“இன்னாத்துக்குப்பா அழுவுறாங்க?”

“வெயில் ஒத்துக்கலம்மா.”

சின்னம்மாள் மோர் எடுத்துவர எழுந்தார். அப்போது வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. களம்பூரில் கரண்ட் போய்விட்டதாம், மில்லை மூடிவிட்டார்களாம். கரண்ட் போவதற்கெல்லாம் நான் பொறுப்பாக முடியாது. கோகுல் டிபன் தூக்கோடு உள்ளே வந்து, “வாங்க,” என்று கும்பிட்டான்.

இங்கிரிட் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவனையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் மொழியில் ‘போய்விட்டார்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பையிலிருந்து சி.டி. பிளேயரை எடுத்து, அதன் இயர்போனைக் கோகுலின் காதில் வைத்தார். கோகுல் அதை வாங்கி, வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டான். இருபத்தொரு நிமிடமும் நின்றபடியே கேட்டான். விரல் வேட்டி மேல் அசைந்துகொண்டே இருந்தது.

“நம்ம பாட்டுடா இது,” என்றான். “போட்டிருக்காங்களா?”

இங்கிரிட் நீட்டிய சி.டி. உறையைப் புரட்டினான். படத்தைப் பார்த்தான்.

“இன்னா நம்பர்டா இது, என் படத்துக்குக் கீழ?”

“மொதல்ல கீறது நீ பொறந்த வருஷம். அடுத்தது பாட்டு பதிஞ்ச வருஷம்.”

நன்றாக இருக்கிறது என்றான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். இங்கிரிட் அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். மறுபடியும் வாசிக்கக் கூப்பிடுகிறார், ஒரு காது போதும் என்கிறார். “உடம்ப பாத்துக்கச் சொல்றாங்க,” என்றேன் கோகுலிடம். போகும்போது அந்த அம்மா என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இதோ, உங்களை அனுப்பியிருக்கிறார்.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன் சார். உடம்பு சரியில்லை என்று எழுதியது நான். இறந்துவிட்டான் என்று எழுதியது நான். பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று அவனிடம் சொன்னதும் நான்தான். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்தால் சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இங்கிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னீர்கள். நானும் கூட வருகிறேன். அவனுக்குக் காது வேறு சரியில்லை, உங்கள் சென்னைத் தமிழ் பழக்கமில்லை. நீங்கள் சொல்லவேண்டியதைத் தமிழிலேயே சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குப் புரிகிற மாதிரி நான் எடுத்துச் சொல்கிறேன்.