வெண்கலத்துக்கு ஒரு சேலை

கொடைக்கானல்ல இந்த மாசம் துணி காயுறதே இல்லைங்க சார். உங்க காக்கிச் சட்டைகூட ஈரமாத்தான் இருக்கு. எனக்கு அவசரமில்லை, நிதானமாவே சொல்றேன்.

நான் பாலசமுத்திரத்துக்காரன், சென்னையில சிற்பம் படிச்சவன். மேல்மலையில பூண்டுத் தோட்டங்களுக்கு நடுவுல பட்டறை போட்டு, ஆளுயரத்துக்கு ஒரு வெண்கலம் வார்த்து வாசல்ல நிறுத்தினேன். முகம் கிடையாது, கை கிடையாது. குனிஞ்ச முதுகு, வயித்துல பெரிய ஓட்டை, அம்புட்டுதான். அந்த முதுகோட வளைவுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வந்தவன் எல்லாம் தலை எங்கேன்னு கேட்டான். டூரிஸ்ட்டுக ஓட்டைக்குள்ள மூஞ்சியை வெச்சு செல்ஃபி எடுத்தாங்க. போய்த்தொலையட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். ஆனா பக்கத்துத் தோட்டத்துல ராக்காயின்னு ஒரு அம்மா, தனிக்கட்டை. அது சிலையைத் தண்ணி ஊத்திக் கழுவி, பழைய சேலையைச் சுத்திவிட்டுருச்சு. நான் அவுத்துப்போடுவேன். மறுநாள் வெள்ளனே வந்து திரும்பக் கட்டியிருக்கும். ஈரத்துணி பட்டா வெண்கலம் பச்சை பூத்துரும் சார். முதுகு பூராத் திட்டுத்திட்டா ஆகிப்போச்சு. "இது சாமி இல்லம்மா, சிற்பம்"னு மரியாதையாத்தான் சொல்லிப்பார்த்தேன். கேக்கலை. எனக்கு வெறுத்துப்போச்சு.

காட்டுப்பன்றி வராம இருக்க இங்க கம்பியில கரண்டு விடுறது உங்களுக்கே தெரியும். அந்தக் கம்பியைச் சிலையோட சேர்த்துவிட்டேன். அந்தம்மா குடத்தோட வர்றதை ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சத்தம் ஒண்ணும் பெருசா இல்லை. கரண்டை நிறுத்திட்டுப் போயி, அது கொண்டாந்த சேலையை எடுத்து, கீழ கிடந்த அந்தம்மா மேலேயே போர்த்திவிட்டேன்.

முந்தினநாள்கூடக் கேட்டேன், ஏம்மா இப்பிடிப் பண்றீங்கன்னு.

"பிள்ளையப் பறிகொடுத்தவ குனிஞ்சு நிக்கிறா. இந்தக் குளிருல வெத்து உடம்போட எப்பிடிங்க விடுறது?"ன்னுச்சு.

வாஸ்தவம்தான். எங்க குழந்தை தவறினப்ப என் சம்சாரம் நின்ன நெலையைத்தான் வார்த்திருந்தேன். அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. இருந்தாலும், சேலையைச் சுத்தினா வளைவு மறைஞ்சுபோகுதுல்ல.

பார்க்கத் தெரிஞ்ச ஒரு ஆளுகூட இல்லாத ஊர்ல, நான் வேற என்னதான் சார் செய்யிறது.