காற்றாடிக்குக் கீழே ஒரு மஞ்சள் கோடு

கிள்ளான், 16 மே 1984

முதலாளி அடைக்கப்பன் அவர்களுக்கு, ரேடியோ ஆபரேட்டர் கார்த்திகேசு எழுதுவது. எனக்குச் சிறுவயதிலிருந்தே வியர்வை ஒத்துக்கொள்ளாது. நீங்கள் கேட்டபடி நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

நம் டாக்சி அலுவலகத்தில் காற்றாடி ஒன்றுதான். அதற்கு நேர் கீழே டைப்பிஸ்ட் புஷ்பவல்லியின் மேசை. நாலடி தள்ளி, சுவரோரம், டாக்சிகளைக் கூப்பிடும் என் ரேடியோப் பெட்டி. அந்த நாலடியைத் தாண்டிக் காற்று என் பக்கம் வந்ததே இல்லை.

ரேடியோவோடு வந்த புத்தகத்தில், பேசும்போது ஏரியலுக்கு மூன்றடிக்குள் யாரும் நிற்கக் கூடாது, கதிர்வீச்சு படும் என்று போட்டிருக்கிறது. அது உண்மை. நான் பொய் சொல்கிறவன் இல்லை. ஏரியல் கூரைமேல் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மஞ்சள் பெயிண்ட் வாங்கி, பெட்டியைச் சுற்றி மூன்றடியில் கோடு போட்டேன். புஷ்பவல்லியின் மேசை கோட்டுக்கு வெளியே நிம்மதியாக இருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. மறுநாள் ஆறடி ஆக்கினேன்.

"அண்ணே, நேத்து மூனு அடின்னீங்க?"

"நேத்து டாக்சி கம்மி தங்கச்சி. இன்னிக்கு பிஸி லா."

மறுபேச்சில்லாமல் மேசையை நகர்த்திக்கொண்டாள். நல்ல பெண். பயிற்சி பெற்றவன் மட்டும் உள்ளே இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அவள் இடத்தில் என் நாற்காலியைப் போட்டேன். மைக் வயர் அதுவரை எட்டியது.

பிறகு டிரைவர் ஜெயராஜ் கோட்டோரம் நின்று மிச்சக் காற்றை வாங்கினான். ஒன்பதடி. அங்கிருந்தும் பேசிப் பேசி உயிரை எடுத்தான். பன்னிரண்டடி. கோடு வாசற்படியைத் தொட்டபோது பெயிண்ட் தீர்ந்தது. இல்லாவிட்டால் நடுரோட்டுக்கே போயிருக்கும்.

புஷ்பவல்லி கடைவாசல் நடைபாதையில் உட்கார்ந்து டைப் அடித்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"அண்ணே, வெயில் தாங்கல. கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துக்கட்டா?"

"பிள்ளைக்கு ஆகாதும்மா."

அவள் கண் கலங்கி எனக்கு நன்றி சொன்னாள். அன்று காற்றாடியை மூன்றாம் நம்பரில் வைத்தேன்.

நேற்று சாரலில் அவள் அங்கே அடித்துவைத்த உங்கள் கடிதங்கள் நனைந்த பிறகுதான், நீங்கள் இஞ்சினியர் ராதாகிருஷ்ணனை மீட்டரோடு வரவழைத்தீர்கள். அவர் மூலைமுடுக்கெல்லாம் அளந்தார். முள் அசையவில்லை. வெளியே போய்க் கூரையைப் பார்த்தார். உள்ளே வந்து என்னைப் பார்த்தார்.

ஒப்புக்கொள்கிறேன். கோட்டைப் போட்டவன் நான்தான். காற்றுக்காகத்தான் போட்டேன். உள்ளே எந்த ஆபத்தும் கிடையாது. புஷ்பவல்லி நாளைக்கே தன் இடத்துக்கு வரட்டும்.

ஆனால் முதலாளி, இத்தனை நாளும் அந்தக் கோட்டுக்குள் தனியாளாக உட்கார்ந்து கதிர்வீச்சைத் தாங்கியவன் நான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்போது போய் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை அந்த இடத்தில் உட்கார வைக்கிறீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் நான் பொறுப்பில்லை.