ஏழாம் நம்பர் கான்வாஸ்

— முடியாது டீச்சர். ஊர்ல உள்ள காலுக்கெல்லாம் என் கடையில செருப்பு உண்டு. எம்மவ காலுக்கு மட்டும் கெடையாது. கேட்டியளா?

— துட்டு குடுத்துத்தான் கேக்கேன் அண்ணாச்சி. ஒரு ஜோடி கான்வாஸ். நல்லதா, அளவா.

— துட்டு யாருக்கு வேணும்? ஓட்டப்பந்தயத்துல காலு ஒடிஞ்சு மார்கழியில படுத்தவளுக்கு, பங்குனி பொறந்து இன்னைக்குத்தான் மாவுக்கட்டு பிரிச்சிருக்காவ. கட்டு பிரிச்ச கையோட ஞானதீபம் டீச்சர் ஆஸ்பத்திரியில இருந்து நேரா பஸ் ஏறி வந்து நிக்கிய, செல்லக்கனிக்கு ஷூ குடுன்னு. மொதல்ல ஓட விட்டதும் நீங்கதான். திரும்ப ஓட விடப் போறதும் நீங்கதானா?

— நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல. உங்க வீட்டு அக்காதான் அனுப்பினாவ. ‘எனக்கு அவிய மூஞ்சியப் பாத்துப் பேச முடியாது, நீங்க போங்க டீச்சர்’ன்னு.

— தாயும் மவளும் கூட்டு. நீங்க தூது. நல்லாருக்கு.

— பிள்ள எப்படி இருக்கான்னு நீங்க கேக்கவே இல்லியே.

— நடக்காளா?

— நடக்கா. கட்டிலுக்கும் சன்னலுக்கும் ரெண்டு தடவ நடந்தா. அழல.

— அழ மாட்டா. அழுத்தக்காரி. நடந்தாச்சுல்லா, அது போதும். ஏரல்காரன் கிட்ட சொல்லிருதேன், பிள்ள நடக்கான்னு. ‘ஒடிஞ்ச கால் பிள்ளயாச்சே அண்ணாச்சி’ன்னு சம்பந்தத்த இழுத்துக்கிட்டே கெடக்கான்.

— பொறுங்க அண்ணாச்சி. ஏரல்காரர் கிட்ட இன்னைக்கே சொல்லாதிய.

— பாத்தியளா! இப்ப வந்துது. மறுபடியும் ஓட்டம், அத வச்சு மெட்ராஸ், காலேஜ், ஹாஸ்டல்லு. அதானே உங்க திட்டம்?

— மொதலாளி, ரப்பர் தீந்துட்டு.

— என்னலே அய்யாக்குட்டி, எதுக்கு ரப்பரு?

— ஞானையா அண்ணன் செருப்புக்கு, மொதலாளி. ஒத்தக் கால் ஒசத்தணும்லா. சாயங்காலம் வாங்க வந்திருவாவ.

— அலமாரிக்குப் பின்ன லாரி டயர் கெடக்கு, வெட்டிக்கோ. ஒரு விரக்கடைக்கு மேல ஒசத்தாத. போன தடவ ஏணி மாதிரி செஞ்சு வச்சிட்டே. மனுசன் செருப்புல ஏறுதானா, மச்சுல ஏறுதானா?

— என்ன அண்ணாச்சி அது? ஒத்தச் செருப்ப ஒசத்துகது?

— ஹார்பர்ல மூட தூக்குக ஆளு டீச்சர், ஞானையான்னு. கிரேன் சங்கிலி அறுந்து சரக்கு கால்ல விழுந்துட்டு. எலும்பு கூடிட்டு, ஆனா அந்தக் காலு குட்டையாயிட்டு. அதுக்கு அந்தச் செருப்புக்கு மட்டும் அடியில ஒட்டுப் போட்டுக் குடுப்போம். வாசல்ல இவன் உக்காந்திருக்கதே அந்த மாதிரி வேலைக்குத்தான்.

— போட்டுக்கிட்டா வெளிய தெரியாதோ?

— வேட்டி மறச்சிரும். நீங்க பேச்ச மாத்தாதிய. நான் கேக்கேன், சொல்லுங்க. எம்மவள ஏன் தார் ரோட்டுல ஓட விட்டிய?

— ஐப்பசி மழையில பள்ளிக்கூட மைதானம் குளமாயிட்டு.

— கடக்கரை இல்லியா? மணலு இல்லியா?

— மணல்ல ஓடினா வேகம் தெரியாதுன்னு நெனச்சேன். புது ஹார்பர் ரோடு போட்டிருந்தான், கண்ணாடி மாதிரி. அங்கன ஓட்டினேன். மாவட்டத்துல ஜெயிச்சிட்டு வந்திருந்தா அண்ணாச்சி. அதுக்கு முன்ன நாசரேத்துல இருந்தும் சரி, சாத்தான்குளத்துல இருந்தும் சரி, எத்தனையோ பிள்ளைகள ஓட வச்சிருக்கேன். இப்படி ஒரு காலு எனக்குக் கெடச்சதே இல்ல. ஆச கண்ண மறச்சிட்டு. ஒவ்வொரு வாரமும் கூட்டிக்கிட்டே போனேன். ஒரு நாள் கூட லீவு குடுக்கல.

— ஞாயித்துக்கிழம கூடவா?

— ஞாயித்துக்கிழமயும்தான்.

— நீங்க ஞாயித்துக்கிழம கோயில்லலா இருப்பிய?

— நான் ஆராதனைக்குப் போயிருவேன். அவள ஓடிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிருவேன்.

— அது சரி! ஓய்வு நாளு உங்களுக்கு. எம்மவளுக்குக் கெடையாது. உங்க சாமி இதுக்கு என்ன சொல்லுதாரு டீச்சர்?

— ஒண்ணும் சொல்லல. அவரு பேசாம இருக்கதுதான் கஷ்டமா இருக்கு.

— சங்கு குளிக்கப் போற பய கூட காது வலின்னா அன்னைக்கு வள்ளத்துல உக்காந்திருவான். முங்க மாட்டான். பெத்த தகப்பனே வந்து முங்குலேன்னாலும் முங்க மாட்டான். எழுத்துத் தெரியாத பய அவன். நீங்க படிச்சவிய.

— வலிக்குன்னு அவ என்கிட்ட சொல்லல.

— நீங்க கேட்டியளா?

— ஒரு தடவ மொழங்காலுக்குக் கீழ, முன் எலும்புல விரல வச்சு அமுக்கினேன். துள்ளிட்டா. சதைப் பிடிப்புன்னு நெனச்சேன். ஓடி முடிச்சு உக்காந்த பொறவும் ஒரே எடத்துல வலிச்சா அது சதை இல்ல, எலும்புன்னு டாக்டர் பொறவுதான் சொல்லுதாரு. முடி மாதிரி விரிசல் விட்டிருந்திருக்கு. அப்பமே ஒரு மாசம் சும்மா உக்கார வச்சிருந்தா தன்னால கூடியிருக்குமாம். விரிஞ்ச எலும்ப வச்சிக்கிட்டுத்தான் பாளையங்கோட்டையில ஓடினா. கடைசி வளைவுல முறிஞ்சிட்டு. சத்தம் எனக்கே கேட்டுது.

— இத எங்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வருது.

— உங்க கிட்டதான் சொல்லணும். நீங்க மட்டும் கேட்டியளா அண்ணாச்சி? வீடு பூரா தைல வாசன அடிச்சிருக்கும்.

— அடிச்சுது. தலவலின்னா.

— கால்ல தேய்க்கதுக்குப் பேரு தலவலியா?

— எனக்கு இருக்க வேலையில கால பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?

— உங்க வேலையே கால பாக்கதுதான அண்ணாச்சி.

— நல்லாக் கேட்டிய. ஆமா, சங்கரபாண்டியன் படியேறுக காலப் பாத்தே அளவு சொல்லிருவான்னு ஊரே சொல்லும். உங்களுக்கு அஞ்சு. வலது கால் பெருவிரல் பக்கம் புடைச்சிருக்கு, அதனால வலது இறுக்கும். சரியா?

— சரி.

— பகல் பூரா நின்னு கால் வீங்கினதுக்குப் பொறவு, சாயங்காலம் வாங்கணும். காலுறை போட்டுக்கிட்டுத்தான் போட்டுப் பாக்கணும். பெருவிரலுக்கு முன்ன கட்டைவிரல் அகலம் எடம் கெடக்கணும், குதிகால் வழுக்கப்படாது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. என்னையப் போயி…

— செல்லக்கனிக்கு என்ன நம்பரு?

— ஏழு.

— ஏழு நீங்க குடுத்த ஷூ. அவ காலு அஞ்சு.

— அஞ்சா?

— நாலரைன்னு கூடச் சொல்லலாம். இன்னைக்கு ஆஸ்பத்திரியில நூல் வச்சு நானே அளந்தேன்.

— வளருக பிள்ள. ரெண்டு நம்பர் கூட வாங்கினா ரெண்டு வருசம் வரும்னு எல்லா வீட்டுலயும்தான் வாங்குதாவ. எத்தன பேருக்கு நானே அப்படிச் சொல்லி வித்திருக்கேன். முன்ன பஞ்சு வச்சாப் போதும்.

— இந்தப் பைய அவுத்துப் பாருங்க.

— என்னது?

— பாளையங்கோட்டையில போட்டிருந்தது. கால் வீங்கி கழட்ட முடியாம கத்திரிச்சு எடுத்தாவ. அக்கா தூர எறியப் போனாவ, நான் வாங்கி வச்சிருந்தேன்.

— இது ஆம்பளப் பயலுவ கான்வாஸ்லா.

— நீங்க குடுத்ததுதான்.

— தெரியுது. முந்தின வருச தீவாளிக்கு வந்த சரக்குல விக்காம நின்னது. வெள்ள, பழுப்பேறிட்டு. யாரும் எடுக்கல… எங்க வீட்டுல அப்படித்தான் டீச்சர். எங்கைய்யா காலத்துல இருந்து கடைக்காரன் வீட்டுக் காலுக்கு விக்காத சரக்குதான். பெட்டியில இருக்கது கிராக்கிக்கு. நான் போட்டிருக்கத பாருங்க, ரெண்டும் ரெண்டு நெறம்.

— அவளும் சொல்லிச் சிரிச்சா. ‘கடை போர்டுல எம்பேரு, கால்ல விக்காத சரக்கு’ன்னு. அடியத் திருப்பிப் பாருங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

— குதிகால்ல வெளிப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு.

— அப்படின்னா?

— ஷூவுக்குள்ள காலு அலஞ்சிருக்கு. ஒவ்வொரு எட்டுக்கும் பக்கவாட்டுல சாஞ்சு விழுந்திருக்கு. உள்ள பாருங்க, விரல் பட்ட எடம் குழியா இருக்கு. கழண்டு போயிரக்கூடாதுன்னு விரல மடக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கா. விரல மடக்கினா கெண்டைக்கால் கல்லா இறுகும். அது பூராவும் எலும்புல போயி இடிக்கும். நடந்தாலே வலிக்கும் டீச்சர் இது. இதப் போட்டுக்கிட்டு எப்படி ஓடினா?

— வேகமா ஓடினா.

— முன்ன என்னத்தத் திணிச்சிருக்கா? பஞ்சு இல்லியே.

— உருவிப் பாருங்க.

— நம்ம கடைத் துணிப்பை… ‘செல்லக்கனி ஷூ மார்ட்’. பேரு நடுவுல கிழிஞ்சிருக்கு.

— அண்ணாச்சி.

— அவ சொன்னா டீச்சர். ‘அப்பா, காலு அலையுது’ன்னு இந்தப் பெஞ்சுல உக்காந்து சொன்னா. பொங்கலுக்குள்ள காலு வளந்து பத்திரும்லான்னு சொல்லி, கிராக்கி வந்துட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அந்தக் கிராக்கி பிள்ளைக்கு மண்டி போட்டு உக்காந்து நாலு ஜோடி மாட்டிப் பாத்தேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா.

— பெட்டியத் தொறந்து எடுத்த செருப்பு ஒரு ஜோடி போடணும்னு அவளுக்கு ஆசை. எங்கிட்ட ஒரு நாள் சொன்னா. அதுல வெள்ளத் தாளு சுத்தியிருக்குமாமே, அத அவ பிரிக்கணுமாம்.

— பொறுங்க. இந்தா வாரேன்.

— எங்க போறிய?

— மேல் தட்டுல இருக்கு. பம்பாய் சரக்கு. பொம்பளப் பிள்ளைகளுக்குன்னே செஞ்சது, குதிகால் ஒடுக்கமா இருக்கும். அஞ்சாம் நம்பர் ஒரே ஒரு ஜோடிதான். கலெக்டர் ஆபீஸ் அம்மா ஒருத்தி மவளுக்குச் சொல்லி வச்சிருந்தாவ. அவிய கெடக்கட்டும்… இந்தா. வளச்சுப் பாருங்க. விரல் மடங்குக எடத்துல மட்டும் மடங்கணும், நடுவுல மடங்கினா அது ஷூ இல்ல, தோசை. இது பாருங்க, அங்கனதான் மடங்குது. அடி ரப்பரும் மெத்துன்னு இருக்கு.

— நல்லாருக்கு அண்ணாச்சி. நான் சொல்ல வந்தது என்னன்னா…

— நான் சொல்லுதத மொதல்ல கேளுங்க. எடுத்த எடுப்புல ஓட விடாதிய. பத்துப் பதினஞ்சு நாளு வீட்டுக்குள்ளயே போட்டுப் பழகட்டும். பொறவு கடக்கரையில ஈர மணல்ல நடக்கட்டும். சரிவுல வேண்டாம், ஒரு காலு பள்ளத்துல போவும். பொறவு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. ஒரு நாள் ஓடினா மறுநாள் சும்மா இருக்கணும். தார் ரோடு பக்கம் தலவச்சுப் படுக்கப்படாது. வலிக்குன்னா அங்கனயே நின்னுரணும். அவ சொல்ல மாட்டா, நீங்கதான் கேக்கணும். நானும் கேக்கேன்.

— அண்ணாச்சி…

— ஞாயித்துக்கிழம ஓட்டம் கெடையாது. உங்க கூட கோயில்ல வந்து உக்காரட்டும். செந்தூரான் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டான்.

— ஏரல்காரரு?

— அவன் கெடக்கான். வேற வீட்டுல போயி பொண்ணு பாக்கட்டும். இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம் மெட்ராஸ் போட்டும். காலேஜுல எடம் குடுத்தா படிக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லுங்க. இல்ல, வேண்டாம், கடையச் சாத்திட்டு நானே வாரேன். கடைசி பஸ் இருக்குல்லா? பழையபடி தாளச் சுத்தி வச்சாச்சு, பெட்டிய நான்தான் அவ கையில குடுப்பேன். தாள அவளே பிரிக்கட்டும்.

— தாளு இருக்கட்டும். பெட்டிய மட்டும் இப்ப ஒரு தடவ தொறக்கணும்.

— எதுக்கு? ரெண்டும் சரியாத்தான் இருக்கு. நான் பாத்துட்டேன்.

— அய்யாக்குட்டி வாசல்லதான இருக்காரு?

— ஏன், அங்கனதான் டயர் வெட்டிக்கிட்டு இருக்கான்.

— ஞானையா செருப்பு முடிஞ்சதும் இந்த இடது ஷூவ அவர்ட்ட குடுங்க அண்ணாச்சி. அதுக்கு மட்டும் ஒரு விரக்கடை ஒசத்தணுமாம், டாக்டர் சொன்னாரு.