நூற்றறுபது இடம்

— மாமா படத்துக்கு ஒரு பூ கூட வெக்கலியேக்கா?

— அந்தப் பேச்ச விடு. வருசம் திரும்பப் போவுது, இப்பதான் வழி தெரிஞ்சுதா சகாயம்? டீ ஆறுது, குடி.

— அவரு செத்தது என்னாலதான்க்கா.

— இடி விழுந்து செத்தாரு. நீயா விட்ட இடிய?

— சங்கத்துலேர்ந்து போன்ல சேதி போவுதே, அந்தப் புரோகிராம் நான் எழுதுனது.

— தெரியுமே. மரியதாஸ் மவன் பாண்டியில கம்ப்யூட்டர் வேலை பாத்துக்கிட்டே நம்ம உப்பளத்துக்கும் செஞ்சு குடுத்தான்னு இவரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சாரு.

— அதுலதான் தப்பு. ஒரு மெசேஜுக்கு நூத்தியறுவது இடம்னு வெச்சேன். இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு ஒரு இடம். தமிழ்ல ஒரு எழுத்தே மூணு இடம் புடிக்கும், சிலது ஆறு, ஒம்போது கூட. நான் இங்கிலீஷ்லயே அடிச்சுப் பாத்துட்டு, நல்லா போவுதுன்னு விட்டுட்டேன்.

— எனக்கு இன்னாத்துக்குப்பா அதெல்லாம்.

— கேளுக்கா. செயலாளர் நடராசன் ஐயா மேடையில பேசுற மாதிரிதான் ஆரம்பிப்பாரு. 'அன்பான உப்பளத் தொழிலாளர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.' அதுலயே நூத்தியறுவதும் தீந்துபோச்சு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துட்டுப் போயி எண்ணிப் பாத்தேன். சரி பண்ணிட்டு, பயந்துக்கிட்டு கம்முனு இருந்துட்டேன்.

— அத்த விடுன்னு சொல்றேன்ல.

— ஞாயித்துக்கிழமை சங்கத்துல நானே ஒத்துக்கப் போறேன். மாமாவோட போனக் குடு, அந்த மெசேஜக் காட்டணும்.

— அதுல இல்ல. அழிச்சுட்டேன்.

— நீயா? அவருகிட்ட இல்ல இருந்துச்சு போனு?

— உப்புத்தண்ணி பட்டா கெட்டுடும்னு வீட்லயே வெச்சிட்டுதான் போவாரு. இடி, மழைன்னு சேதி வந்தா நான் வரப்பு மேல ஏறி, தோ ஆணியில தொங்குதே செவப்புத் துணி, அத்த ஆட்டணும். அத்தப் பாத்துட்டு அவரு கரையேறிடுவாரு.

— எனக்குத் தெரியாதேக்கா.

— யாருக்கும் தெரியாது. அன்னிக்கு மத்தவங்கள்லாம் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, அவரு மட்டும் பாத்தியில. சேதி வந்துச்சு. தொறந்தேன், வணக்கம்னு இருந்துச்சு. ஐயாவுக்கு வேற வேலையில்ல, வாழ்த்தா இருக்கும்னு, கீழ தள்ளிப் பாக்காம அழிச்சுட்டு மாவாட்டப் போயிட்டேன். சாவுக்கு வந்தப்ப நடராசன் ஐயா, தான் அனுப்புனத கம்ப்யூட்டர்ல காட்டுனாரு. 'மூணு மணிக்குள்ள இடி மின்னல், பாத்திய விட்டு ஏறிடுங்க'ன்னு வணக்கத்துக்குக் கீழயே இருந்துச்சு. எம் பொண்ணு தமிழ்நிலா கேட்டா, பாக்கலியாம்மான்னு. சேதியே வரலன்னு பொய் சொன்னேன்.

— அக்கா, கீழ தள்ளியிருந்தாலும் ஒண்ணும் இருந்திருக்காது.

— இன்னா சொல்ற?

— அது ஐயா கம்ப்யூட்டர்ல அடிச்சது. போனுக்கு வந்தது வணக்கம் வரைக்கும்தான். மீதி யாருக்குமே வரல. அத்தத்தான் இவ்ளோ நேரம் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— நான் படிக்காம உட்டது ஒண்ணுமே இல்லியா?

— இல்லக்கா.

— இது உனக்கு பதினாறாம் நாளே தெரியுமா?

— தெரியும்க்கா.

— அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இத்தினி நாளா அவரு படத்த ஏறெடுத்துப் பாக்காம இருந்திருக்க மாட்டேனேடா.