கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பூம்பாறையில் ஜீப் புறப்படும் முன், டிரைவர் துணியோடு இடப்பக்கக் கண்ணாடியைத் துடைக்க வந்தார். முன்சீட்டில் இருந்த அவர் மனைவி தடுத்தார்.

"சாமி பொட்டுங்க. அதுல கைய வைக்காதீங்க."

பின்சீட்டில் பூண்டு மூட்டைகளோடு இருந்த நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில், பின்னால் வருவதை அகலமாகக் காட்டும் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது. அதை முழுக்க மறைத்துச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

"புதுசா மாட்டுன சாமானுக்குத்தான பழனியில பொட்டு வச்சேன்?"

"பெரிய கண்ணாடியில தெரியாததப் பாக்கத்தான் இத மாட்டுனதே. அதுமேலயே அப்பி வச்சிருக்க."

"இம்புட்டு நாளு இது இல்லாமயா ஓட்டுனீங்க?"

அவர் துணியை மடித்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். முதல் வளைவு தாண்டியதும் அவரே சொன்னார்.

"நேத்து பெருமாள்மலையில ஓரங்கட்டயில, இடதுபக்கமா ஒரு பைக்கு வந்துச்சு. எனக்குத் தெரியவே இல்ல. அவன் ஆரன் அடிக்கவும் பிரேக்கப் போட்டேன். மயிரிழையில தப்பிச்சான்."

"யாருங்க அது?"

"உன் தம்பிதான். அக்காட்டச் சொல்லாதீங்க மாமான்னான்."

அடுத்த நிறுத்தத்தில் ஆள் ஏற்ற ஜீப் நின்றது. டிரைவரின் மனைவி ஜன்னல் வழியே கையை நீட்டி, பாட்டில் தண்ணீரை விட்டுப் பொட்டைத் தேய்த்து எடுத்தார். முந்தானையால் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்தார். விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கணவரின் நெற்றியில் வைத்தார்.

"இங்கன இருக்கட்டும். இப்பப் பாத்து ஓட்டுங்க."