பெருமாள் படத்துக்குப் பின்னாடி ஒண்ணு, என் போட்டோவுக்குப் பின்னாடி ஒண்ணு

இல்ல சார், இந்த ஸ்பீக்கரு பொட்டியும் பெருசு. நல்லா இல்லன்னு சொல்லல, தேக்குல ஜோராத்தான் இழைச்சிருக்கீங்க. ஆனா இத ஊட்டுக்கு எடுத்துக்கினு போனா, ஆட்டுக்குட்டிக்குக் கூண்டு வாங்கியாந்தியாடான்னு எங்கம்மா கேக்கும். எனக்கு வேண்டியது மேல நாலு வெரல் கனம், கீழ ஒரு வெரல். ஆமா சார், சாய்வாத்தான். ஜோடியா ரெண்டு. கேக்கறதுக்குக் கோணலா இருக்கும், ஆனா நூலு புடிச்சு மூணு தபா அளந்துட்டுத்தான் வந்திருக்கேன். அளக்கிறதுதான் சார் எனக்கு வேலையே. கும்மிடிப்பூண்டில புதுசா வந்திருக்குதே கம்பி ஃபேக்டரி, அதுல லேபு. பி.எஸ்சி. பிசிக்ஸ். எங்க வம்சத்துலயே டிகிரி வாங்கின மொத ஆளு நான்தான். அத நான் சொல்லிக்கிறதில்ல, எங்கம்மா பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லி வெச்சிருக்குது.

ஒரு நிமிஷம் சார். அந்தத் துண்டு போட்டவரு இந்தப் பக்கம் பாத்தாரா? போயிட்டாரா? அப்பாடா. வேற யாரோ. சேச்சே, போலீஸ்லாம் இல்ல. எங்க மாமனாருன்னு நெனச்சேன். திருப்பாச்சூரு, பூவராகவன்னு... தெரியுமா? ஐயையோ. ரேடியோ ரிப்பேருக்கு இங்கதான் வருவாரா? சார், சார், நான் வந்தத மட்டும் சொல்லிடாதீங்க. ஆடி மாசம் இல்லையா? வைகாசில கல்யாணம், இப்ப ரத்னா அவங்கம்மா ஊட்ல இருக்கா. இந்த நேரத்துல திருவள்ளூர் பஜார்ல நான் நின்னுக்கினு இருந்தா, மாப்ள உட்டு இருக்க முடியாம ஊரச் சுத்திக்கினு இருக்காருன்னு சிரிப்பாங்க. அது பொய்யுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு வந்தது அதுக்கில்ல.

மெட்ராஸ் போனேனே. ரிச்சி தெரு முழுக்க ஏறி இறங்கினேன். எல்லா கடைலயும் ஹாலு எவ்ளோ பெருசுன்றான். பத்தடிக்கு ஒம்பதடி சார். எங்கம்மா பாய விரிச்சா ஹாலு முடிஞ்சிது. அதுல பீரோ மாதிரி ரெண்டு பொட்டிய வெச்சா நாங்க எங்க போறது? ஒரு கடைலதான், திருவள்ளூர்ல ஒருத்தர் சொன்ன அளவுக்குப் பொட்டி செஞ்சு குடுப்பாருன்னு உங்க அட்ரஸ் குடுத்தாங்க.

ஆவணி மொத தேதிக்குள்ள வேணும் சார். அன்னிக்கு ரத்னா வர்றா. கூடவே மாமனாரும் வர்றாரு. அதுக்குள்ள மாட்டியாவணும். பாட்டு கேக்கணும், பொட்டி தெரியக் கூடாது. புதுசுன்னு மட்டும் அவரு கண்டுபுடிச்சிட்டாரு, செத்தேன். அதுக்கப்புறம் நான் தண்ணி ஈரம்னு சொன்னாக்கூட தொட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவாரு.

சர்ப்ரைஸ் இல்ல சார். சர்ப்ரைஸ்னா எனக்கு இன்னா பயம்? விஷயம் இன்னான்னா, மாமனாரப் பொறுத்த வரைக்கும் அந்த ஸ்பீக்கரு எங்க ஊட்ல சித்திரை மாசத்துலேர்ந்தே இருக்குது.

இல்ல, இல்ல. இருந்ததேயில்ல.

சொல்றேன், சிரிக்கக் கூடாது. எங்களுது லைன் ஊடு. நடுவுல ஒரே செவுரு. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் ரங்கசாமி சாரு, ரயில்வேல புக்கிங் கிளார்க்கு. அவரு மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து ஸ்டீரியோ செட்டு கொண்டாந்து குடுத்தாரு. ஸ்பீக்கரு ஒண்ணொண்ணும் அரிசி மூட்டை உசரம். ரெண்டு ஸ்பீக்கரையும் எங்க செவுத்துலதான் சாத்தி வெச்சிருக்காரு. செவுரு ஓடு வரைக்கும் போவாது, மேல ஒரு முழத்துக்கு மூங்கில் தட்டிதான். அதனால பாட்டு அவருக்குக் கேக்கறத விட எங்களுக்குத்தான் நல்லா கேக்கும்.

சித்திரைல பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வந்தாங்க. பதிமூணு பேரு. எல்லாரும் உக்காந்து காபி டம்ளரக் கையில எடுத்தாங்களோ இல்லையோ, ரங்கசாமி சாரு டூட்டி முடிஞ்சு வந்து பாட்டப் போட்டுட்டாரு. மாமனாரு மேல பாக்கறாரு, இந்தப் பக்கம் பாக்கறாரு, அந்தப் பக்கம் பாக்கறாரு. பாட்டு எங்கேர்ந்து வருது மாப்ளன்னாரு. பக்கத்து ஊடுன்னு சொல்ல வாயத் தொறந்தேன் சார், சத்தியமா தொறந்தேன். எங்க மாமா லோகநாதன், அம்மாவோட தம்பி, கால மிதிச்சிட்டாரு. கட்ட வெரல் நகத்தப் பாருங்க, இன்னும் கறுப்பு போவல. மிதிச்சிட்டு அவரே சொல்றாரு, எல்லாம் நம்ம ஊட்டு ஸ்டீரியோதாங்க, படிச்ச புள்ளைல்ல, கண்ணுக்குத் தெரியாத சைஸுல வாங்கி மாட்டியிருக்கான்னு.

நானா? நான் ஒரு பொய்யும் சொல்லல சார். ஸ்டீரியோன்னா இன்னா மாப்ளன்னு கேட்டாரு, அதுக்குப் பதில் சொன்னேன். ரெண்டு காது, ரெண்டு ஸ்பீக்கரு, நடுவுல உக்காந்தா பாடறவரு நேரா எதுர்ல நின்னு பாடறா மாதிரி இருக்கும்னேன். ஒரு வார்த்த தப்பு கெடையாது, புஸ்தகத்துல இருக்குது. இதுக்கு ரேடியோ மாதிரி போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டணுமான்னாரு, ரிகார்டுக்கு வேணாம்னேன். அதுவும் நெஜம். எங்க ஊட்ல இருக்குதுன்னு நான் சொல்லவேயில்லையே. ஆனா அவரு எழுந்து, பதிமூணு பேரையும் ஹாலு நடுவுல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ரயிலு மாதிரி உக்கார வெச்சாரு. எல்லாரும் கண்ண மூடிக்கினு, ஆமாம்பா, எதுர்ல நிக்கறா மாதிரியே இருக்குதுன்றாங்க. எதுர்ல எங்க அம்மாதான் வெத்தலத் தட்டோட நின்னுக்கினு இருந்துது.

கல்யாணத்துக்கப்புறம் சொல்லியிருக்கலாந்தான். தெனம் காலைல இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் எழுந்திருப்பேன். சாயங்காலம் பாட்டு ஆரம்பிச்சிடும். ரத்னா வந்து, கொஞ்சம் சவுண்டு கம்மி பண்ணுங்களேன்னு சொல்லுவா. நான் இதோன்னு கொல்லப்பக்கம் போயி, வேலி தாண்டி, ரங்கசாமி சாரு பின்கதவத் தட்டி, கம்மி பண்ணச் சொல்லிட்டு, மூச்சு வாங்கறது தெரியாம நடந்து வருவேன். வந்து உக்காருவேன். இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுங்கன்னுவா. மறுபடி ஓடணும். அப்புறம், ரொம்பக் கம்மியாயிடுச்சேன்னுவா. ஒரு நாளு அஞ்சு தபா. ரங்கசாமி சாரு, யோவ், நீ பேசாம இங்கயே பாய் போட்டுக்கோன்னுட்டாரு.

அதோட போச்சா? ஒரு நாளு பாட்டு முடிஞ்சு அடுத்த ரிகார்டு போடறதுக்குள்ள, ஞானம்மா, இன்னாடி கொழம்புல உப்பே இல்லன்னு ஒரு சத்தம். ஞானம்மா அவரு சம்சாரம். ரத்னா என்னப் பாத்தா. நான் காலண்டரப் பாத்தேன். ஏதோ நாடகம் ஓடுது போலன்னு அவளே சொன்னா. நான் இருமினேன்.

இப்ப ரங்கசாமி சாருக்கு சூலூர்பேட்டைக்கு டிரான்ஸ்ஃபர். வர்ற ஞாயித்துக்கிழம காலி பண்றாரு. செட்ட எனக்கே குடுத்துடுங்களேன்னு கேட்டுப் பாத்தேன். ஞானம்மாக்கா, எங்கண்ணன் ஆசையா குடுத்ததுன்னு ஸ்பீக்கர கட்டிப் புடிச்சிக்கினாங்க. ஆவணி பொறந்து மாமனாரு வந்து நடுவுல உக்காந்து, போடுங்க மாப்ளன்னா நான் எதப் போடறது?

பிளேயருக்குக் கவலையில்ல சார், ஃபேக்டரில ஒருத்தர் கிட்ட வாங்கி அலமாரி உள்ள வெச்சுட்டேன். ஸ்பீக்கருக்கு ரெண்டே எடந்தான் இருக்குது. செவுத்துல மாட்டற படம் மேல்பக்கம் முன்னால சாஞ்சு நிக்கும் பாருங்க, அதுக்குப் பின்னாடி சந்து இருக்குதில்ல? அதான் மேல நாலு வெரலு, கீழ ஒண்ணு. இடது பக்கம் வீரராகவப் பெருமாள் படம். வலது பக்கம் நான் கறுப்பு அங்கி போட்டு டிகிரி வாங்கின போட்டோ. அதுல ஒரு சிக்கலு. பெருமாளுக்குப் பின்னாடிலேர்ந்து காதல் பாட்டு வரக் கூடாதுன்னு எங்கம்மா கண்டிஷனா சொல்லிடுச்சு. இடது ஸ்பீக்கர்ல பக்திப் பாட்டு மட்டும் வர்றா மாதிரி செய்ய முடியுமா சார்? முடியாதுன்னு எனக்கும் தெரியும், பிசிக்ஸ் படிச்சிருக்கேன். கேக்கச் சொல்லுச்சு, கேட்டுட்டேன்.

கரகரன்னு வந்தா பரவால்ல சார். நடுவுல உக்காந்தா எதுர்ல ஆள் நிக்கறா மாதிரி இருக்கணும், அவ்ளோதான். அத நான் என் வாயால சொல்லியிருக்கேன்.

அப்புறம் சவுண்டு குமிழு தனியா வேணும். ஒயரு நாப்பது அடி. இல்ல, அலமாரிக்குள்ள வேணாம். கொல்லப்பக்கம், தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல வரணும். மழையில நனையாம ஒரு தகர மூடி போட்டுக் குடுங்க. ஏன்னா... அது அப்டித்தான் சார். சொல்லியிருக்காங்க.

இந்தாங்க அளவு, எல்லாம் குறிச்சாந்திருக்கேன். லேபுல வேற பேப்பரு கெடைக்கல, இன்லண்டு லெட்டரு பின்னாடி எழுதிட்டேன். அந்தப் பக்கம் இல்ல சார், திருப்புங்க. சார், திருப்புங்கன்றேன்ல?

படிச்சிட்டீங்களா.

மெதுவா சிரிங்க சார், ரோட்டுக்குக் கேக்குது. ஆமா, ரத்னா எழுதினதுதான். அப்டித்தான் எழுதியிருக்கா, ஸ்பீக்கருக்கு சூலூர்பேட்டைக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சாமே, ஞானம்மாக்கா எழுதினாங்கன்னு. அவளுக்கு மொத வாரமே தெரியுமாம் சார். கெணத்தடில ரெண்டு பேரும் சேந்து சிரிச்சிருக்காங்க. அவங்க சிரிக்கறதுக்குத்தான் நான் வேலி தாண்டிக்கினு இருந்திருக்கேன்.

தெரிஞ்சிடுச்சே, அப்புறம் இன்னாத்துக்கு ஸ்பீக்கருன்றீங்களா? அடுத்த வரியையும் படிங்க. எங்க நைனா வந்து கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன், ஆனா அவரு முகத்தப் பாத்துப் பொய் சொல்லவும் எனக்கு வராது, நீங்களே பாத்துக்கோங்கன்னு. எனக்கே வராது சார், அவளப் போயி எப்டி சொல்ல வெக்கறது? அவருக்கு ஒரு நாளு நானே உக்கார வெச்சு சொல்லிடுவேன். மொதல்ல ஒரு பாட்டு கேட்டுட்டுப் போவட்டும்.

ஓரத்துல பொடியா எழுதியிருக்குதே, அதையும் பாத்துட்டீங்களா? அதேதான் சார். சவுண்டு குமிழு மட்டும் கொல்லப்பக்கமே இருக்கட்டும், நீங்க ஓடறது பாக்க நல்லாயிருக்குதுன்னு.

நாப்பது அடி பத்துமா சார்? அம்பதா போட்டுக்கோங்க.